எங்கள் வீட்டில் டிவி இல்லை

மணியை அழுத்துவதற்கு முன்னால் இசோபே ஃபுமியே மின்சார மீட்டரைப் பார்ப்பாள். கதவுக்குப் பக்கத்தில், தலை உயரத்தில், கண்ணாடிக்குள் ஒரு தகடு சுழன்றுகொண்டிருக்கும். சோம்பலாகச் சுற்றினால் குளிர்பதனப் பெட்டி மட்டும் ஓடுகிறது. கொஞ்சம் வேகம் என்றால் விளக்கு. விறுவிறுவென்று சுற்றினால் உள்ளே யாரோ காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறார்கள். அதன் பிறகு காதைக் கதவருகே கொண்டுபோவாள். கதவில் ஒட்டமாட்டாள், ஒட்டிக் கேட்பது மரியாதை இல்லை என்பது அவள் கொள்கை. உள்ளே முப்பது நாற்பது பேர் கூடிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். அப்போதுதான் மணியை அழுத்துவாள். அழுத்திய மறுவிநாடி அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டுவிடுவார்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஈ எறும்புகூட இருக்காது.

"இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன், இருக்கீங்கன்னு தெரியும்" என்று கதவைப் பார்த்துச் சொல்வாள். "பொறுமையா வாங்க. எனக்கு அவசரமில்ல."

வீட்டுக்கு வீடு போய்ப் பொது ஒளிபரப்புக்கான கட்டணத்துக்கு ஒப்பந்தம் எழுதி வாங்குவதும், வங்கி வழியாகக் கட்டாதவர்களிடம் இரண்டு மாதத்துக்கொரு முறை கையில் வாங்கி வருவதும் அவள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். அதற்கு முன்னால் ஒரு துண்டு நெய்யும் ஆலையில் இருந்தாள், ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது ஒசாகாவை ஒட்டிய கிஷிவாடா நகரத்தின் தெற்குப் பாதி அவளுடையது. நெற்றியிலிருந்து மூக்குவரை மறைக்கும் கறுப்பு வெயில் மறைப்பு, முழங்கைவரை கையுறை, கூடை வைத்த சைக்கிள், வலது முழங்காலில் இறுக்கமான பட்டை. ஐம்பத்து நான்கு வயது. அவள் வருவதை இரண்டு தெரு தள்ளியே கண்டுகொண்டு ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் திரை அசைவதை அவளும் கண்டுகொள்வாள்.

அக்கம்பக்கத்தாரிடம் அவள் காப்பீட்டு முகவர் என்று சொல்லிவைத்திருக்கிறாள். காப்பீட்டு முகவரைக் கண்டாலும் ஜனங்கள் ஓடத்தான் செய்வார்கள், ஆனால் பின்னால் திரும்பி வணக்கம் சொல்லிவிட்டு ஓடுவார்கள். கணவர் டாக்சி ஓட்டுகிறார். "உன் தொழில் என்னன்னு நான் வாயத் தொறந்தேன்னு வை, பின்சீட்டுல இருக்கிறவன் அடுத்த சிக்னல்லயே இறங்கிடுவான்" என்பது அவர் அபிப்பிராயம்.

சட்டம் அவள் பக்கம்தான். டிவி பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. போடாவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும் சட்டத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. அபராதமும் கிடையாது, சிறையும் கிடையாது. மிச்சம் இருப்பது இசோபேயும் அவள் சைக்கிளும்தான். அவளுக்கு யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்க உரிமை இல்லை. இது அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக ஊருக்குத் தெரியும்.

ஒசாகாப் பக்கத்து ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்காது. பேசாமல் கதவைச் சாத்தினால் அவர்களுக்குச் சாப்பாடு செரிக்காது. "டிவி இருக்கு, ஆனா உங்க சேனல் வந்தா கண்ண மூடிக்குவேன்" என்பார் ஒருவர். "வீட்டுக்காரர் இல்லைங்க" என்று வீட்டுக்காரரே பெண் குரலில் சொல்வார். ஓட்டுமேல் ஆளுயரத்துக்கு ஆன்டெனா நிற்பதைக் காட்டி, "அது என்னங்க?" என்று கேட்டதற்கு ஒரு தச்சர் தலையைத் தூக்கிப் பார்த்து, "அதுவா அக்கா, காக்கா உக்காரட்டும்னு வெச்சேன். தர்மம்" என்றார். இசோபேக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் தோற்றதாக அர்த்தம். எழுதி வைத்துக்கொண்டு அடுத்த மாதம் போனாள்.

பொதுவாக அவள் தோற்பதில்லை. அதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறாள். அலுவலகத்துப் பயிற்சியில் அதைச் சொல்லித்தரவில்லை.

பொது ஒளிபரப்பில் தினம் காலை எட்டேகாலுக்குக் கால்மணி நேரத் தொடர்கதை ஒன்று வரும். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அதையே மறுபடி போடுவார்கள். நாடே பார்க்கிறது. கட்டணம் கட்டாத நாடு உட்பட. இசோபே காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஒருமுறையும் மதியம் நூடுல்ஸ் கடையில் ஒருமுறையும் பார்த்துவிடுவாள். அவளுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, தொழிற்கருவி.

மொரிட்டா என்றொரு இளம் மனைவி. நாலு முறை போயும் கதவுச் சங்கிலியைக் கழற்றாதவள். "எங்க வீட்டுல டிவியே இல்லைங்க, புத்தகம்தான் படிப்போம்" என்று இடுக்கு வழியாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். இசோபே பையை மூடினாள், படிப்பக்கம் திரும்பினாள், கதவுக்குள் கேட்கிற அளவுக்கு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஹும்... இன்னிக்குக் காலைலேந்து மனசே சரியில்ல. அந்த சுஸுனோ பொண்ணு பாவம். புருஷன் கப்பலோட முழுகிச் செத்துப்போயிட்டானே, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாளோ."

கதவு படக்கென்று திறந்தது.

"யாரு செத்தா? கென்கிச்சி சாகலையே! தீவுல ஒதுங்கிட்டான், மீனவங்க காப்பாத்திட்டாங்க! செத்துட்டான்னு தந்தி குடுத்தது அந்த நாத்தனார், சொத்துக்காக! நீங்க சரியாப் பார்க்கல—"

படிக்கட்டில் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"புத்தகத்துல அப்படிப் போட்டிருந்துச்சுங்களா?" என்று இசோபே பணிவாகக் கேட்டாள்.

மொரிட்டா கையை நீட்டினாள். இசோபே படிவத்தை வைத்தாள்.

கட்டணம் தரக்கூடாது என்று பத்து வருடம் வைராக்கியமாக இருப்பவர்கள்கூடக் கதையைத் தப்பாகச் சொன்னால் பத்து விநாடி தாங்கமாட்டார்கள். சுஸுனோவுக்கு இல்லாத தங்கையைச் சேர்ப்பாள், நல்ல மாமனாரைக் குடிகாரன் என்பாள். கதவுகள் திறந்துகொண்டே இருக்கும். "பொய் சொல்றோமேன்னு உறுத்தாதா?" என்று கணவர் கேட்டதற்கு, "அவங்க டிவி இல்லங்கிறாங்க, நான் புருஷன் இல்லங்கிறேன். ரெண்டுக்கும் சரியாப் போச்சு" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஹமாசாகி எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினான். ஹமாசாகி அவர்களுக்கு மேலாளர், முப்பத்திரண்டு வயது, வியர்வை வராத சட்டை போட்டிருப்பவன். கையில் பணம் வாங்கும் முறை செப்டம்பர் முப்பதோடு முடிகிறது; இனி எல்லாரும் வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தான். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் வங்கிப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள் என்றால் ஒப்பந்த நீக்கப் படிவம். இரண்டில் ஒன்று. இரண்டும் வராத வீடு 'தீராத வீடு'.

"ஒழுங்காக் கட்டறவங்க வீட்டுக்கு இனிமே யாரும் போக வேண்டியதில்ல. டிமிக்கி குடுக்கிறவங்க வீட்டுக்கு மட்டும்தான் ஆள் போகும்" என்றான் ஹமாசாகி.

"அப்போ நல்லவங்கள இனிமே பார்க்கவே போறதில்லையா?" என்று இசோபே கேட்டாள்.

"அதுதாங்க முன்னேற்றம், இசோபே சான்" என்றான், பேரோடு மரியாதைச் சொல்லை ஒட்டி.

பிறகு நாற்காலி விஷயத்தைச் சொன்னான். தொலைபேசிப் பிரிவில் ஓர் இடம் காலி. முப்பதாம் தேதிக்குள் யார் பட்டியலில் ஒரு வீடுகூட மிச்சமில்லாமல் தீர்க்கிறார்களோ அவருக்கு அந்த இடம். குளிர்சாதன அறை, மாதச் சம்பளம், சக்கரம் வைத்த நாற்காலி. மற்றவர்கள் பழையபடி சைக்கிள்.

மதிய இடைவேளையில் யாரும் இல்லாதபோது இசோபே தொலைபேசிப் பிரிவுக்குள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். எலும்பு மருத்துவர் போன மாதம்தான் சொல்லியிருந்தார், "இன்னும் ரெண்டு வருஷம் இப்படி மாடிப்படி ஏறினீங்கன்னா, அப்புறம் சமதரையிலயும் நடக்க முடியாதும்மா" என்று. அவள் பகுதியில் பாதி, மின்தூக்கி இல்லாத ஐந்து மாடி அரசுக் குடியிருப்புகள். அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று இசோபே நினைத்தாள். ஆலையை மூடிய நாளிலிருந்து எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பட்டியலில் நாற்பத்தொரு வீடுகள். அவள் பம்பரமாகச் சுற்றினாள். வங்கி என்றாலே எரிந்துவிழும் மீன்கடைக்காரர், "பேங்க்காரன் வந்து என் மீனை வாங்குவானா?" என்றார். மூன்று நாள் தொடர்ந்து மத்தி மீன் வாங்கி அவரைத் தீர்த்தாள். கணவர் மூன்றாம் நாள் மத்தியைக் கண்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செப்டம்பர் நடுவில் ஊரில் தேர்த்திருவிழா. தெருவெல்லாம் தேர் பாய்கிற இரண்டு நாள் மட்டும் சைக்கிளை நிறுத்தினாள். பத்தொன்பதாம் தேதி பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது. ஏழாம் கட்டடம், நாலாம் மாடி, தொகுனாகா.

தொகுனாகாவைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. அவரைப் போன்ற சந்தாதாரர் அவள் பகுதியிலேயே கிடையாது. எழுபத்தெட்டு வயது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகி மூன்று வருடம். கட்டணம் கட்டும் வீடு என்பதற்கான கதவில் ஒட்டும் வில்லையைப் பலர் கிழித்துவிடுவார்கள். அவர் அதைத் துடைத்து வைத்திருப்பார். மணியை அழுத்த விடமாட்டார். காலடிச் சத்தத்திலேயே கதவைத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் லேட்டு. நடுவுல எங்கயாவது கூட்டமா?" என்பார். சில்லறை பிசகாமல் உறையில் இருக்கும். செருப்பு விடுகிற இடத்தில் ஒரு முக்காலி போட்டிருப்பார், பக்கத்தில் குளிர்ந்த பார்லித் தேநீர், அவரே உப்பில் ஊறப்போட்ட கத்தரிக்காய். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் உள்ளறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

அந்தப் பத்து நிமிடமும் டிவி பற்றித்தான் பேச்சு. "முந்தாநாள் ஆல்ப்ஸ் மலை காட்டினாங்களே, அருமை." "ஞாயித்துக்கிழமை பாட்டுப் போட்டி இப்பல்லாம் அவ்வளவு சரியில்ல. என்ன சொல்றீங்க?" கட்டுகிற பணத்துக்குப் பார்க்கிற மனிதர் இவர் ஒருத்தராவது இருக்கிறாரே என்று இசோபேக்கு அவர்மேல் பெருமை.

செப்டம்பரின் முதல் வாரத்திலேயே ஒருமுறை கேட்டிருந்தாள். "பேங்க் எல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

"ஐயா, ஒரு கையெழுத்து. அப்புறம் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. யாரும் வந்து கதவத் தட்ட மாட்டாங்க."

"முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன். டிக்கெட்டுன்னா மனுஷன் கையால வாங்கணும். நீங்க வாங்க, நான் தரேன்."

பத்தொன்பதாம் தேதியும் அதே பாட்டு. இசோபே தேநீரைக் குடித்தாள், கத்தரிக்காயை மென்றாள், கெஞ்சிப் பார்த்தாள். கிழவர் அசையவில்லை. எழுந்து செருப்பைத் தேடும்போது, அலுப்பில், பதினோரு வருடப் பழக்கத்தில், வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது.

"இன்னிக்குக் காலைல பார்த்தீங்களா ஐயா? கடைசில சுஸுனோ அந்தக் கடைக்குத் தீ வெச்சிட்டாளே."

சுஸுனோ எந்தக் கடைக்கும் தீ வைக்கவில்லை. அன்று காலை அவள் மாமியாருக்குக் கஞ்சி வைத்தாள்.

"பார்த்தேன், பார்த்தேன்" என்று தொகுனாகா தலையை ஆட்டினார். "பாவம், அவளும் எவ்வளவுதான் பொறுப்பா! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

இசோபே கும்பிட்டுவிட்டு இறங்கினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. பதினோரு வருடத்தில் தன்னைத் திருத்தாத முதல் ஆள். கீழே வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். நாலாம் மாடி பால்கனியில் ஆன்டெனா கம்பியை அறுத்துக் குறுக்கே கட்டி, ஒரு ஜோடி காலுறை காயப்போட்டிருந்தது.

அட கிழவா, என்று வாய்விட்டே சொன்னாள். டிவி இருக்கிற வீடெல்லாம் இல்லை இல்லை என்று சத்தியம் செய்கிற ஊரில், டிவி இல்லாத மனிதர் ஒருவர் எத்தனை காலமாகவோ உறையில் பணம் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. டிவி இல்லை என்றால் நீக்கப் படிவம். அதுவும் தீர்ந்த வீடுதான். நாற்காலி வந்துவிட்டது. அன்று மாலை கணவருக்குப் பிடித்த மாட்டிறைச்சி வாங்கிப் போனாள்.

இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவள், கடைசி நாளான முப்பதாம் தேதி மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு நாலு மாடி ஏறினாள். வழக்கம்போல் கதவு முன்னாலேயே திறந்தது.

"இன்னிக்கு முறை இல்லையே" என்றார் தொகுனாகா. முகம் மலர்ந்துதான் இருந்தது. "இருங்க, கத்தரிக்காய் எடுத்துட்டு வரேன்."

"கத்தரிக்காய் இருக்கட்டும் ஐயா. உங்க வீட்டுல டிவி இல்ல."

கிழவர் நின்றார். "யாரு சொன்னது? இருக்கு."

"இல்ல ஐயா."

"இருக்குங்கிறேன்! இருபத்தொன்பது இஞ்ச்!"

"சத்தமே கேட்டதில்லையே."

"காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பேன். மத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதில்லையா?"

"அப்போ காட்டுங்க பார்ப்போம்."

தொகுனாகா உள்ளறைக் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "காட்ட மாட்டேன். அடுத்தவன் வீட்டுக்குள்ள வந்து பார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது. உங்க விதிப் புத்தகத்துலயே போட்டிருக்கு. விதின்னா விதிதான்."

இதே வசனத்தை இசோபே ஆயிரம் கதவுகளில் கேட்டிருக்கிறாள். டிவியை மறைப்பதற்காகச் சொல்வார்கள். டிவி இல்லாததை மறைப்பதற்காக ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. முடி சுருட்டும் உருளைகளைத் தலையில் மாட்டிய ஓர் அம்மாள் தலையை நீட்டினாள். "என்ன தாத்தா, சண்டையா? அவர் வீட்டுல டிவி இல்லைங்க. அவர் சம்சாரம் போன மறுமாசமே கெட்டுப்போச்சு, நானும் எங்க வீட்டுக்காரரும்தான் கீழ தூக்கிக்கிட்டுப் போனோம்." பிறகுதான் இசோபேயின் பையைப் பார்த்தாள். "எங்க வீட்டுலயும் இல்லைங்க" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டே முக்கால் தொடரின் தலைப்புப் பாட்டு கணீரென்று ஆரம்பித்தது. கதவு சாத்திக்கொண்டது. இசோபே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொகுனாகா விரித்த கைகளை மெதுவாகக் கீழே விட்டார். "உள்ள வாங்க" என்றார்.

சின்ன அறை. பாய்த்தரை முழுக்கப் பழுத்துக் கிடக்க, மூலையில் டிவி நின்ற ஒரு சதுரம் மட்டும் பச்சை மாறாமல் இருந்தது. தாழ்வான மேஜையில் அன்றைய செய்தித்தாள், கடைசிப் பக்கம் மேலே தெரிகிறாற்போல் மடித்திருந்தது. நிகழ்ச்சி அட்டவணையில் சிவப்புப் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தார். ஆல்ப்ஸ் மலையும் பாட்டுப் போட்டியும் எங்கிருந்து வந்தன என்று இசோபேக்குப் புரிந்தது.

"எனக்கு டிவியே பிடிக்காது" என்றார் கிழவர். "அவதான் பார்ப்பா. நான் வண்டி விட்டு வந்ததும் ஒண்ணு விடாமச் சொல்லுவா. தப்புத் தப்பாச் சொல்லுவா. நான் சாப்பிட்டுக்கிட்டே கேப்பேன்." செய்தித்தாளை நேராக்கி வைத்தார். "இந்த வீட்டுக்கு மாசக்கணக்கா யாரும் வர்றதில்லம்மா. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ நீங்க வர்றீங்க. டிவி போச்சுன்னு சொன்னா நீங்களும் வரமாட்டீங்க. சொல்ற அளவுக்கு நான் முட்டாளா?"

தொழில் தொழில்தான் என்று இசோபே படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இல்லாத டிவிக்கு நீங்க கட்டக்கூடாது ஐயா. இது நீக்கப் படிவம். பேரெல்லாம் நானே எழுதிட்டேன். கையெழுத்துக்குப் பதிலா உங்க பேர் முத்திரை மட்டும் வெச்சீங்கன்னா போதும்."

"வெச்சா?"

"தீர்ந்துச்சு. யாரும் வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"வெக்கலைன்னா?"

"தீராத வீடுன்னு பேர் போட்டுடுவாங்க. டிமிக்கி குடுக்கிறவங்க பட்டியல்ல சேத்துடுவாங்க, உங்க வயசுக்கு அது அசிங்கம். அப்புறம் மாசத்துக்கு ரெண்டு தடவ ஆள் வந்து கதவத் தட்டுவாங்க, எழுதிக் குடு எழுதிக் குடுன்னு உயிர எடுப்பாங்க."

"மாசத்துக்கு ரெண்டு தடவயா?" என்றார் தொகுனாகா.

"ஆமா."

"யாரு வருவா?"

"இந்தப் பக்கம் சைக்கிள்ல சுத்தறவங்க யாரோ, அவங்க."

கிழவர் படிவத்தைத் தூக்கிப் பார்த்து மறுபடி வைத்தார். பிறகு சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "முத்திரை எங்க வெச்சேன்னு தெரியலியே" என்று எழுந்தார்.

முத்திரை மேஜைமேல்தான் இருந்தது. செய்தித்தாளுக்கு ஒரு சாண் தள்ளி, சுண்டுவிரல் நீளக் கறுப்புக் கொம்பு முத்திரை. பக்கத்தில் சிவப்பு மைப்பெட்டி, மூடிகூடத் திறந்தே இருந்தது. காலையில்தான் எதற்கோ வைத்திருக்க வேண்டும். கிழவருக்கு அது தெரியும். இசோபே அதைப் பார்த்துவிட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். அலமாரியின் மேல்தட்டில் தேடினார். கீழ்த்தட்டில் தேடினார். சமையல் மூலைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்து கையை விட்டுத் துழாவினார்.

"வயசாச்சு பாருங்க, எதுவும் ஞாபகமில்ல" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நீங்க சொல்லுங்க, அந்த சுஸுனோ தீ வெச்சாளே, அப்புறம் என்ன ஆச்சு?"

இசோபேயின் பையில் கைப்பேசி அடித்தது. ஹமாசாகி. "இசோபே சான், மத்த எல்லாருக்கும் மிச்சம் இருக்கு. உங்களுக்கு மட்டும்தான் ஒண்ணே ஒண்ணு. முடிஞ்சுதா? நாற்காலில பேர் எழுதி ஒட்டிடட்டுமா?"

மடித்து உட்கார்ந்ததில் முழங்கால் விண்விண் என்று தெறித்தது. எழுந்திருக்க எப்படியும் மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு நாலு மாடி இறங்க வேண்டும். சமையல் மூலையில் கிழவர் அரிசி டப்பாவை மூடிவிட்டு ஊறுகாய் ஜாடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிஷம் இருங்க. முத்திரையத் தேடிக்கிட்டிருக்கார்" என்றாள் இசோபே.

கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மேஜையிலிருந்த செய்தித்தாளை எடுத்து விரித்து, முத்திரையும் மைப்பெட்டியும் தெரியாதபடி மேலே போட்டு, நாலு மூலையையும் நீவிவிட்டாள்.